லிஃப்டில் வந்த சவரக்கத்தி

கேள்வி: இயக்குநர் பிரையன் டி பால்மாவின் ‘டிரெஸ்டு டு கில்’ படம், ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வைப் பார்த்து அடித்த ஈயடிச்சான் காப்பி என்கிறான் என் தம்பி. உண்மையா?
(வாசகி, காரைக்குடி)

பதில்: தம்பி சொல்வதில் பாதி சரி. 1960-ல் வந்த ‘சைக்கோ’, கதாநாயகி என்று நாம் நம்பிய பெண்ணைப் பாதிப் படத்துக்கு முன்பே குளியலறையில் தீர்த்துக்கட்டியது. 1980-ல் டி பால்மா, நடிகை ஆஞ்சி டிக்கின்சனுக்கு லிஃப்டில் அதையே செய்தார். அங்கே கத்தி, இங்கே சவரக்கத்தி. (கொலையாளி யாரென்று சொல்லமாட்டேன். தம்பியிடமும் கேட்காதீர்கள்.)

ஆனால் காப்பியடிக்கிறவன் ஒளிந்துதானே அடிப்பான்? 1976-ல் வெளிவந்த ‘அப்செஷன்’ படத்தை ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ சாயலில் இவர் எடுத்தபோது, ‘வெர்டிகோ’வுக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மனையே அழைத்துவந்தார். ‘டார்ன் கர்ட்டன்’ படத்தின் சமயத்தில் ஹிட்ச்காக்கோடு முட்டிக்கொண்டு பிரிந்த அதே ஹெர்மன்! வாத்தியாரின் பேனாவையே வாங்கிப் பரீட்சை எழுதிய ஆள்.

அப்புறம் ‘டிரெஸ்டு டு கில்’லில் வரும் அந்த மியூசியம் காட்சி. வாடகை கேசட்டில், 14 இன்ச் டிவியில்தான் முதலில் பார்த்தேன். ஆஞ்சி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ குறிக்கிறார். பக்கத்தில் ஓர் ஆள் வந்து அமர்கிறான். கையுறையைக் கழற்றுகிறார், கல்யாண மோதிரம் தெரிகிறது, அவன் எழுந்து போய்விடுகிறான். பிறகு அறை அறையாக ஒருவரையொருவர் தேடும் ஆட்டம். பேச்சே கிடையாது. கேமரா அவர் தோளை ஒட்டியே நடக்கிறது. கேசட்டில் ஒலி போய்விட்டதோ என்று எழுந்துபோய் வால்யூமைத் திருகினேன். கதை நடப்பது நியூயார்க்கில். ஆனால் உள்ளே தெரியும் அறைகள் ஃபிலடெல்ஃபியா மியூசியத்துடையவை. குருவிடம் கற்றதுதான், ஆனால் இவ்வளவு நேரம் இழுத்து நம்மை உட்காரவைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். திரையை இரண்டாகப் பிளந்து இரண்டு பேரை ஒரே நேரத்தில் காட்டுவதும் டி பால்மாவின் சொந்தச் சரக்கு. (என் டிவியில் முகங்கள் தபால்தலை அளவுக்குத்தான் தெரிந்தன.)

‘சைக்கோ’வில் எனக்கு எரிச்சலூட்டும் ஒரே இடம், கடைசியில் மனநல மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்கி வகுப்பெடுப்பது. டி பால்மா அதையும் விடவில்லை. இவர் படத்திலும் ஒரு டாக்டர் வந்து விளக்குகிறார். அந்த இடத்தில் மட்டும் தம்பியின் கட்சி நான். ஈயையும் சேர்த்தே அடித்திருக்கிறார்.

கேள்வி: ‘டிரெஸ்டு டு கில்’லை ஹிட்ச்காக் தியேட்டரில் பார்த்தாரா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: படம் வந்தது 1980 ஜூலையில். அவர் ஏப்ரல் 29 அன்றே போய்ச் சேர்ந்துவிட்டார்.