‘அடுத்து என்ன வரும்?’ – ஆட்டிசமும் திரையும்: கேள்வி பதில்

ஆட்டிசம் உள்ளவர்களின் கணினி, செல்போன், இணையப் பழக்கம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலானவை பெற்றோர் அனுப்பியவை. ஆட்டிசம் உள்ளவர் தானே எழுதிய கேள்வியும் ஒன்று உண்டு. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: மகனுக்கு 7 வயது. டேப்லெட்டில் யூடியூப் பார்க்கிறான். ‘போதும்’ என்று வாங்கினால் சுவரில் தலையை முட்டிக்கொள்கிறான். அதனால் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று சொல்வோம், இல்லையென்றால் வைஃபையை அணைத்துவிடுவோம். இப்போது எந்நேரமும் ரவுட்டர் பக்கத்திலேயே நிற்கிறான். – ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அவன் அங்கே காவல் நிற்கிறான், அம்மா. இணையம் காரணமில்லாமல் நின்றுபோகும் என்று கற்றுக்கொண்டுவிட்டான். அதனால் கண்ணை எடுக்க முடியவில்லை. முதலில் அந்தப் பொய்யை நிறுத்துங்கள். நிறுத்தினாலும் அவன் நம்பிக்கை திரும்பச் சில வாரங்கள் ஆகும்.

பிடுங்கினால் ஏன் அவ்வளவு வலிக்கிறது? டைனா மர்ரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 2005இல் முன்வைத்த விளக்கம் இங்கே பொருந்தும். ஆட்டிசத்தில் கவனம் பல இடங்களில் பரவாமல், ஒரே இடத்தில் சுரங்கம்போல் ஆழமாக இறங்குகிறது. அதிலிருந்து வெளியே வருவதே தனியாக ஒரு வேலை. யூடியூபோ வெளியே வரும் வாசலையே அடைத்து வைத்திருக்கிறது: ஒரு வீடியோ முடியும் முன்பே அடுத்தது ஓடத் தயாராகிவிடும்.

ஆகவே முதல் வேலை ஆட்டோபிளேயை அணைப்பது. வீடியோ ஓடும்போது திரையைத் தொட்டால் மேல் ஓரத்தில் அந்தச் சின்ன சுவிட்ச் தெரியும். அடுத்து, நிமிடக் கணக்கை விட்டுவிட்டு வீடியோக் கணக்குக்கு மாறுங்கள். ‘இன்னும் பத்து நிமிஷம்’ என்பது அவனுக்குக் கண்ணில் படாத பொருள். மூன்று அட்டைகளை வெல்க்ரோ வைத்து ஒரு பலகையில் ஒட்டுங்கள். ஒரு வீடியோ முடிந்ததும் ஓர் அட்டையை அவனே கழற்றிப் பெட்டியில் போடட்டும். மூன்றாவதும் போனதும் டேப்லெட்டை அதற்கென்று உள்ள இடத்தில் அவனே வைக்கட்டும். உங்கள் கை குறுக்கே வரக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடாத வீடியோக்களாக எடுத்துக்கொள்ளுங்கள். ஷார்ட்ஸ் இந்தக் கணக்குக்கு ஒத்துவராது, அதற்கு முடிவே கிடையாது.

ஐபேடாக இருந்தால் செட்டிங்ஸில் ஆக்ஸசிபிலிட்டிக்குள் கைடட் ஆக்சஸ் என்று இருக்கும். அதை இயக்கி, வீடியோவைத் திறந்து, மேல் பொத்தானை (பழைய மாடல்களில் ஹோம் பொத்தானை) மூன்று முறை அழுத்தினால் வேறு செயலிக்குப் போக முடியாது. திரையில் தொடக் கூடாத பகுதியை விரலால் வட்டமிட்டு முடக்கலாம். நேர வரம்பும், முடியப்போகிறது என்ற எச்சரிக்கையும் வைக்கலாம். ஆண்ட்ராய்டில் இருக்கும் ஆப் பின்னிங் பூட்ட மட்டும்தான் செய்யும், நேரம் பார்க்காது. ஆண்ட்ராய்டின் ஆப் டைமரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வீடியோவின் நடுவிலேயே மூடிவிடும். நீங்கள் பிடுங்குவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

பெரும்பாலான வீடுகளில் இந்த ஏற்பாடு சறுக்குவது இரண்டு இடங்களில். ஒன்று, டேப்லெட்டுக்கு அடுத்ததாகக் குளியலை வைப்பது. முதல் இரண்டு வாரம் அடுத்து வருவது அவனுக்குப் பிடித்ததாக இருக்கட்டும்: முறுக்கு, ஊஞ்சல், எதுவானாலும் சரி. இரண்டு, நான்காம் நாள் அழுகை தாங்காமல் ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ கொடுப்பது. கொடுத்தே ஆக வேண்டிய நாளென்றால் பார்க்கத் தொடங்கும் முன்பே நான்கு அட்டை ஒட்டிவிடுங்கள். தலை முட்டுவது நிற்காவிட்டாலோ, காயமானாலோ, மருத்துவரிடம் காட்டுங்கள். காது வலி, பல் வலி, மலச்சிக்கல் இருந்தாலும் சில குழந்தைகள் இப்படித்தான் காட்டுவார்கள்.

கேள்வி: ஒரே பாட்டில் ஒரே 15 விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறாள். தடுக்க வேண்டுமா? – ஒரு தந்தை, ஈரோடு

பதில்: வேண்டாம். அவள் தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி அது. அந்த 15 விநாடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். பின்னொரு நாள் அந்த வரியையே ‘எனக்குப் பயமா இருக்கு’ என்ற பொருளில் உங்களிடம் சொல்லக்கூடும். தொல்லை தருவது நடுவில் திடீரென்று அலறும் விளம்பரம்தான். வீட்டில் உள்ள வீடியோக் கோப்பாக இருந்தால் கணினியில் விஎல்சி பிளேயரில் திறந்து, வியூ பட்டியலில் அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸைத் தேர்ந்தெடுங்கள். கீழே ஏ–பி என்ற பொத்தான் வரும். தொடங்கும் இடத்தில் ஒரு முறை, முடியும் இடத்தில் ஒரு முறை அழுத்தினால் அந்தத் துண்டு மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: 5 வயது மகன் பேசுவதில்லை. படம் தொட்டால் பேசும் செயலியைத் தெரபிஸ்ட் சொல்கிறார். அது வந்தால் பேச முயற்சியே செய்யமாட்டான் என்கிறார் மாமியார். – ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: அத்தையிடம் தைரியமாகச் சொல்லுங்கள்: இந்தச் செயலிகள் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை, சில குழந்தைகளுக்குப் பேச்சு கூடியும் இருக்கிறது. சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் உண்டு.

ஆரம்பத்திலேயே செய்யும் தவறு, பலகை முழுக்க ஆப்பிள், பந்து, கார் என்று பெயர்ச்சொற்களாக நிரப்புவது. ‘வேண்டாம்’, ‘நிறுத்து’, ‘இன்னும்’, ‘வலிக்குது’, ‘வா’, ‘போ’ இவைதான் முதலில் வேண்டும். குறிப்பாக ‘வேண்டாம்’. மறுக்க ஒரு சொல் கிடைத்த பிறகு கடிப்பது குறைந்த பிள்ளைகள் உண்டு. படங்களை இடம் மாற்றாதீர்கள். அவன் விரல் இடத்தை மனப்பாடம் செய்கிறது. அழகுக்காக நீங்கள் அடுக்கி வைத்தால், நம் கீபோர்டின் எழுத்துகளை ராத்திரியில் யாரோ கலைத்துவிட்டுப் போன கதைதான்.

இயந்திரம் ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று செய்தி வாசிக்கும், வீட்டிலோ ‘தண்ணி வேணும்’. பெரும்பாலான செயலிகளில் உச்சரிக்கும் வாசகத்தைத் திருத்தலாம். பேச்சுத்தமிழில் குரல் தடுமாறினால், அதே வயதுப் பையன் ஒருவனைப் பேச வைத்துப் பதிவு செய்து வையுங்கள். நாள் முழுக்க நீங்களும் அதைத் தொட்டுத்தான் பேச வேண்டும். மற்றவர் பேசுவதைக் கேட்காமல் யாரும் பேசப் பழகுவதில்லை.

முடிந்தால் அந்தக் கருவியில் யூடியூப் வேண்டாம். தண்டனையாக அதைப் பறிக்கவே கூடாது. வகுப்பில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்றால், அது பையனின் வாய் என்று ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். முக்கியமான 20 படங்களை அச்சிட்டு லேமினேட் செய்து பையில் வையுங்கள், சார்ஜ் இறங்கும் நாளுக்கு உதவும்.

கேள்வி: 10 வயது மகளுக்குக் கையால் எழுதுவது பெரும்பாடு. தமிழ் டைப்பிங் சொல்லித்தர எந்த விசைப்பலகை நல்லது? – ஆசிரியர், விருதுநகர்

பதில்: தமிழ்99. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாறும் முறை நமக்கு வசதியானதுதான். ஆனால் அது சொற்களை ஊகிக்கிறது. நேற்று வந்த சொல் இன்று அதே விசைகளுக்கு வராது. அந்த இடத்தில்தான் இந்தக் குழந்தைகள் கீபோர்டைத் தூக்கிப் போடுகிறார்கள். தமிழ்99இல் விதி மாறவே மாறாது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே விசை. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். இப்படிப்பட்ட விதி சில பிள்ளைகளுக்கு விளையாட்டைவிடப் பிடித்துப்போகும்.

விண்டோஸ் 10இல் 2019 மே புதுப்பிப்பிலிருந்து இது கூடவே வருகிறது. செட்டிங்ஸில் தமிழ் மொழியைச் சேர்த்து அதன் விசைப்பலகைகளில் தேர்ந்தெடுக்கலாம். ஐபேடிலும் உண்டு, ஆண்ட்ராய்டுக்குச் செல்லினம் செயலி இருக்கிறது. தானே திருத்தும் வசதியையும் சொல் பரிந்துரையையும் அணைத்துவிடுங்கள். விசைகளில் ஒட்ட ஸ்டிக்கர் வாங்கினால் தமிழ் எழுத்து மட்டும் உள்ளதாக வாங்குங்கள். இரண்டு மொழியும் நெருக்கியடித்தால் கண் திணறும்.

கேள்வி: செல்போன் பார்த்ததால்தான் குழந்தைக்கு ஆட்டிசம் வந்ததா? – பலர்

பதில்: இல்லை. ஆட்டிசம் பிறப்புக்கு முன்பே தொடங்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு. ‘வர்ச்சுவல் ஆட்டிசம்’ என்ற பெயரில் மருத்துவ வகைப்பாடு எதுவும் கிடையாது. சின்னஞ்சிறு குழந்தைக்கு அதிகத் திரை நல்லதில்லை என்பது வேறு விஷயம். 2 வயதுக்குக் கீழ் வேண்டாம், 2 முதல் 4 வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாகச் சொன்னது. போனை நிறுத்திப் பார்ப்போம் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

கேள்வி: எனக்கு 27 வயது, ஆட்டிசம் உண்டு. மென்பொருள் சோதனை வேலை பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு வீடியோ மீட்டிங் முடிந்தால் அப்புறம் மதியம் வரை எதுவும் ஓடுவதில்லை. அறிவிப்பு ஒலி கேட்டாலே உடம்பு தூக்கிப்போடுகிறது. – கோவை வாசகர்

பதில்: மீட்டிங்கில் முதலில் மறைக்க வேண்டியது உங்கள் முகத்தை. ஜூமில் உங்கள் படத்தின் மேலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ஹைடு செல்ஃப் வியூ கொடுங்கள். மற்றவர்கள் உங்களைப் பார்ப்பார்கள், நீங்கள் உங்களைப் பார்க்க மாட்டீர்கள். தன் முகபாவத்தைத் தானே மேய்த்துக்கொண்டிருக்கும் வேலை மிச்சம். கேப்ஷனை இயக்குங்கள். இரண்டு பேர் சேர்ந்து பேசும்போது காது விட்டதைக் கண் பிடிக்கும்.

விண்டோஸ் 11இல் விண்டோஸ் விசையுடன் ‘என்’ (N) எழுத்தை அழுத்தினால் அறிவிப்புப் பட்டி வரும். அதிலுள்ள மணிப் படத்தைத் தொட்டால் எல்லாம் அடங்கும். செட்டிங்ஸ், ஆக்ஸசிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று போய் அனிமேஷன், டிரான்ஸ்பரன்சி இரண்டையும் அணையுங்கள். ஜன்னல்கள் பாய்ந்து வராமல் சட்டென்று திறக்கும். எட்ஜ் உலாவியில் நீண்ட கட்டுரை வாசிக்கும்போது எஃப்9 விசை, பெரும்பாலான பக்கங்களில், விளம்பரங்களையெல்லாம் விலக்கி எழுத்தை மட்டும் நிறுத்தும். டார்க் மோடு எல்லோருக்கும் ஒத்துவராது. கண்ணில் சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்து கசியும். அவர்கள் வெளிர் பழுப்புப் பின்னணியை முயன்று பார்க்கலாம்.

புதுப்பிப்பு வந்து ஐகான்கள் இடம் மாறுவது தொந்தரவென்றால் விண்டோஸ் அப்டேட்டை 5 வாரம் வரை தள்ளி வைக்கலாம். அதற்கு மேல் தள்ளாமல், வேலை இல்லாத சனிக்கிழமையில் நீங்களே நாள் குறித்துப் போட்டுவிடுங்கள்.

மேலாளருக்கு மின்னஞ்சலில் மூன்றே வரி போதும்: பேசப்போகும் விஷயங்கள் முந்தைய நாளே வேண்டும், கேமரா கட்டாயமில்லாமல் இருக்க வேண்டும், முடிவுகள் எழுத்தில் வர வேண்டும். ஆட்டிசம் என்ற சொல்லைப் பயன்படுத்துவதா என்பது உங்கள் விருப்பம். அந்த மூன்றும் யார் கேட்டாலும் நியாயமான கோரிக்கைகள்.

கேள்வி: 19 வயது மகள் நாள் முழுக்க இணைய நண்பர்களோடு டைப் செய்கிறாள். வீட்டில் நாலு வார்த்தை பேசுவதில்லை. – ஒரு தந்தை, சென்னை

பதில்: அவர்கள் நண்பர்கள்தான், ஐயா. எழுத்தில் முகம் பார்க்க வேண்டாம், குரலின் ஏற்ற இறக்கத்தை மொழிபெயர்க்க வேண்டாம், பதிலை யோசித்துச் சொல்ல அவகாசம் உண்டு. ஆட்டிசம் உள்ளவர்கள் 1990களிலேயே இப்படித்தான் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஜிம் சிங்கிளேரும் நண்பர்களும் 1992இல் தொடங்கிய அமைப்பு மின்னஞ்சல் வழியாகவும் வளர்ந்தது. புரியாமை இரு பக்கமும் உண்டு, குறை ஆட்டிசம் உள்ளவர் பக்கம் மட்டும் இல்லை என்று ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதினார். நம் அரசு வழக்கிலோ இவர்களுக்குப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று பெயர் வைத்திருந்தோம். புற உலகத்தோடு விடிய விடிய டைப் செய்கிற பெண்ணைப் பார்த்துவிட்டு அந்தப் பெயரை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள்.

அடுத்த அறையிலிருந்தாலும் அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதிப் பாருங்கள். ‘ஏன் பேசமாட்டேங்கிற?’ என்று வேண்டாம். ‘இட்லியா தோசையா?’ போதும். தூக்கமும் சாப்பாடும் கெடுகிறதா என்பதைக் கவனியுங்கள். பணமோ படமோ கேட்கும் ‘நண்பர்’ யாராக இருந்தாலும் உங்களிடம் காட்டலாம், திட்டமாட்டீர்கள் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: 23 வயது மகன் பரிசு விழுந்ததாக வந்த அழைப்பை நம்பி 18,000 ரூபாய் இழந்துவிட்டான். போனைப் பிடுங்கிவிடலாமா? – ஒரு தாய், மதுரை

பதில்: முதலில் இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கைமாறிக்கொண்டே போகும், ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. செய்திகளையும் அழைப்பு விவரத்தையும் அழிக்காதீர்கள்.

போனைப் பிடுங்கினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டார். ‘ஜாக்கிரதையா இரு’ என்பதும் பயன்படாது. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்பவருக்கு விதியும் அப்படியே இருக்க வேண்டும். போன் உறைக்குள் ஓர் அட்டை வையுங்கள்: ‘பணம் வாங்க பின் எண் தேவையில்லை. பின் எண் கேட்டால் என் பணம் வெளியே போகிறது. ஓடிபியை யாரிடமும் சொல்ல மாட்டேன், போலீஸ் என்று சொன்னாலும். அவசரம் என்று சொன்னால் போனை வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிடுவேன்.’ ‘போலீஸ் என்று சொன்னாலும்’ என்ற துண்டை விட்டுவிடாதீர்கள். விதிக்குக் கட்டுப்படுபவர் அதிகாரியின் குரலுக்கும் கட்டுப்படுவார்.

பணத்தையும் பிரித்து வையுங்கள். பெரிய தொகை உள்ள கணக்கை யுபிஐயில் இணைக்க வேண்டாம். யுபிஐ சர்க்கிள் வசதியில் உங்கள் கணக்கிலிருந்தே அவர் செலவழிக்கலாம். ஒவ்வொரு முறையும் நீங்கள் அனுமதிக்கும் வகையும் உண்டு, மாதம் 15,000 ரூபாய்க்குள் வரம்பு வைத்து அவரையே செலவழிக்க விடும் வகையும் உண்டு. முதல் வகையில் தொடங்குங்கள். கடையில் பால் வாங்க நிற்கும் நேரத்தில் நீங்கள் போனை எடுக்காவிட்டால் அவர் தவித்துப்போவார். அதற்காகச் சட்டைப் பையில் 200 ரூபாய் நோட்டு ஒன்று இருக்கட்டும்.