மூன்று தெர்மாமீட்டர், மூன்று காய்ச்சல்

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தவன் நான். பாதி நாள் தராசு துடைப்பதிலும், மீதி நாள் உடைந்த தெர்மாமீட்டர்களுக்குக் கணக்கு எழுதுவதிலும் போயிற்று. 'வீட்டிலுள்ள அளவுகருவிகளைப் பற்றிக் கேளுங்கள்' என்று ஆசிரியர் அறிவித்தாலும் அறிவித்தார், வந்த கடிதங்களில் முக்கால்வாசி சூட்டைப் பற்றியவை. கத்திரி வெயில் நேரம், வேறு எதைப் பற்றி எழுதுவார்கள்?

கேள்வி: என் மகனுக்கு உடம்பு சுட்டது. மாமியார் காலத்துக் கண்ணாடித் தெர்மாமீட்டர் 100.2 காட்டியது. புதிதாக வாங்கிய டிஜிட்டல் 99.1. நெற்றியில் காட்டும் துப்பாக்கி மாதிரியான கருவி 97.4. எதை நம்புவது? — வாசகி, பாபநாசம்

பதில்: அம்மா, மூன்றும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கண்ணாடியும் டிஜிட்டலும் தங்கள் சொந்தச் சூட்டை மட்டுமே சொல்லத் தெரிந்தவை. உங்கள் மகனின் சூடு அவற்றுக்குள் முழுதாக வந்து சேர்ந்த பிறகுதான் அது மகனின் சூடு. அதற்கு முன்னால் எடுத்துவிட்டால், பாதி வழியில் நின்ற பஸ்ஸைப் பார்த்து ஊர் வந்துவிட்டது என்று இறங்கிய கதைதான்.

எங்கே வைத்தீர்கள், எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நானே ஊகிக்கிறேன். கண்ணாடியை மாமியார் நாக்குக்கு அடியில் வைத்திருப்பார், மூன்று நிமிடம் பொறுமையாக இருந்திருப்பார். டிஜிட்டலை நீங்கள் அக்குளில் வைத்து, 'பீப்' கேட்டதும் எடுத்திருப்பீர்கள். அக்குள் எப்போதும் வாயைவிடக் குறைவாகத்தான் காட்டும். துப்பாக்கி நெற்றித் தோலிலிருந்து வரும் கதிர்வீச்சைப் பார்க்கிறது. தோல் உடம்பின் உட்சூட்டைவிடக் குளிர்ந்தது என்பதால், தானாக ஒரு கணக்கைக் கூட்டிப் போட்டுக் காட்டுகிறது. வியர்த்த நெற்றி, மின்விசிறிக்கு நேர் கீழே படுத்த நெற்றி, ஈரத்துணி போட்டு எடுத்த நெற்றி — இவற்றில் அந்தக் கணக்கு பிசகிவிடும். பையனுக்கு நீங்கள் ஈரத்துணி போட்டிருந்தீர்களா இல்லையா, சொல்லுங்கள்.

இன்னொன்று. மாமியாரின் தெர்மாமீட்டரில் 98.4-க்கு நேரே ஓர் அம்புக்குறி இருக்கும். அதைத் தாண்டினால் காய்ச்சல் என்று நம் தலைமுறை முழுவதும் நம்பியது. இந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பவர் வுண்டர்லிக் என்ற ஜெர்மானிய மருத்துவர். லைப்சிக் நகரில் சுமார் 25,000 நோயாளிகளின் அக்குள் சூட்டைத் திரும்பத் திரும்ப அளந்து, 1868-இல் புத்தகம் போட்டார். 37 டிகிரி செல்சியஸ் என்றார், ஃபாரன்ஹீட்டில் 98.6. நம் அம்புக்குறி அதற்குக் கொஞ்சம் கீழே நின்றது. அந்தக் காலத்துத் தெர்மாமீட்டர் ஏறக்குறைய ஓரடி நீளம், கால் மணி நேரத்துக்கு மேல் அக்குளில் இடுக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். ஆல்பட் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதை ஆறு அங்குலமாகவும் ஐந்து நிமிடமாகவும் குறைத்த பிறகுதான் மருத்துவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடமாட முடிந்தது.

1992-இல் அமெரிக்காவில் மாக்கோவியாக் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் ஆரோக்கியமான 148 பேரை அளந்து பார்த்தார்கள். சராசரி 98.2. காலை ஆறு மணிக்கு மிகக் குறைவு, மாலை நான்கிலிருந்து ஆறுக்குள் மிக அதிகம். வுண்டர்லிக் பயன்படுத்திய தெர்மாமீட்டர் ஒன்று அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தது. அதையும் எடுத்துச் சோதித்தார்கள். இன்றைய கருவிகளைவிட ஒரு டிகிரி செல்சியஸுக்கும் மேலாகவே கூட்டிக் காட்டியது! எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். உலகம் முழுவதும் ஒரு எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. அந்த எண் பிறந்த கருவியை யாராவது சோதித்துப் பார்க்க நூற்றிருபது வருடம் ஆயிற்று.

உங்கள் இரண்டு தெர்மாமீட்டர்களையும் நீங்களே சோதிக்கலாம். ஒரு பெரிய செம்பில், கை பொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர் எடுங்கள். இரண்டின் நுனியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து மூன்று நிமிடம் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். வித்தியாசம் அரை டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். கொதிநீரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், கிருமி போகட்டும் என்று மருத்துவத் தெர்மாமீட்டரைக் கொதிக்கும் பீக்கரில் போட்டார். அதன் அளவு 108-ஓடு முடிகிறது, பாதரசம் போவதற்கு இடமில்லை. கண்ணாடி வெடித்தது. அந்தப் புதியவர் நான்தான்.

மற்றபடி பையன் சோர்ந்து கிடக்கிறான், சாப்பிடவில்லை என்றால் எண் 99 ஆனாலும் 101 ஆனாலும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

கேள்வி: 'டிகிரி காபி' என்பதில் உள்ள டிகிரி சூட்டின் டிகிரியா? அதே நெற்றித் துப்பாக்கியைக் காபி டபராவின் மேல் காட்டினேன், 36 டிகிரி செல்சியஸ் என்றது. குடித்தேன், நாக்கு வெந்துவிட்டது. — வாசகர், கும்பகோணம்

பதில்: கும்பகோணத்துக்காரர் இதை என்னிடம் கேட்கலாமா? எங்கள் பக்கத்தில் சொல்வது, அது பால்மானியின் டிகிரி என்று. லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலக்காத பால் என்று உறுதி செய்த பால், 'டிகிரி பால்'. சிக்கரிதான் திரிந்து டிகிரி ஆயிற்று என்பவர்களும் உண்டு. அந்த வழக்கில் நான் சாட்சி சொல்ல வரமாட்டேன்.

ஆனால் அந்தப் பால்மானிக்கும் தெர்மாமீட்டர் துணை வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. சில பால்மானிகள் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும், சில 27 டிகிரி செல்சியஸுக்கும் குறிக்கப்பட்டவை. சூடான பாலின் அடர்த்தி குறைவு. அதனால் கருவி கூடுதலாக அமிழ்ந்து, சில டிகிரி குறைத்துக் காட்டும். கறந்த சூடு ஆறுவதற்குள் அளந்துவிட்டு, 'தண்ணீர் ஊற்றிவிட்டாய்' என்று பால்காரரைத் திட்டியவர்கள் எத்தனை பேரோ!

டபரா விஷயத்துக்கு வருகிறேன். வாங்கியது உடம்புக்கான கருவி. அதைப் பாத்திரத்தின் மேல் காட்டியதே முதல் பிழை. தொழிற்சாலைக்கான கருவியாக இருந்தாலும் கதை மாறியிருக்காது. துலக்கி வைத்த பித்தளை தன் சூட்டை மிகக் கொஞ்சமாகத்தான் கதிராக வெளியே விடும். மீதிக்கு, எதிரில் இருக்கும் சுவரின் கதிரையும் உங்கள் முகத்தின் கதிரையும் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். கருவி பார்த்தது உங்கள் சமையலறையை. டபராவின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன் மேல் தொழிற்சாலைக் கருவியைக் காட்டிப் பாருங்கள், எண் சட்டென்று ஏறும். இந்தக் கண்ணுக்குத் தெரியாத கதிரை 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்ததும் சாதாரணத் தெர்மாமீட்டரை வைத்துத்தான். சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒன்றும் தெரியாத இருட்டில் தெர்மாமீட்டரை வைத்தார். பாதரசம் ஏறியது.

கேள்வி: தொலைக்காட்சியில் நாகப்பட்டினம் 38 டிகிரி என்கிறார்கள். என் பம்புசெட் கொட்டகையில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் 45 காட்டுகிறது. அரசாங்கம் மறைக்கிறதா? — விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: கொட்டகைக்குக் கூரை தகரம்தானே? உங்கள் தெர்மாமீட்டர் தகரத்தின் சூட்டையும், மோட்டாரின் சூட்டையும், சுவரின் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, கடைசியில் தன் சூட்டைச் சொல்கிறது. வானிலைக்காரர்கள் கேட்பது காற்றின் சூட்டை. அது வேறு கேள்வி.

அவர்கள் தெர்மாமீட்டரை வைக்கும் பெட்டியை ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் மாதிரியான இடங்களில் பார்த்திருப்பீர்கள்: வெள்ளையடித்த மரப்பெட்டி, நான்கு பக்கமும் சாய்ந்த பலகைச் சட்டங்கள். காற்று போகும், வெயில் போகாது. தெர்மாமீட்டரின் குமிழ் தரையிலிருந்து சுமார் நான்கடி உயரத்தில் இருக்கும். கதவு வடக்குப் பார்த்திருக்கும், திறக்கும்போது வெயில் உள்ளே விழக் கூடாது என்பதற்காக. இதை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன், ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். உள்ளே நான்கு தெர்மாமீட்டர்கள் இருக்கும். ஒன்று அன்றைய உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பாதரசம். உங்கள் வீட்டுக் காய்ச்சல் தெர்மாமீட்டரைப் போலவே கழுத்தில் ஒரு குறுக்கம் உண்டு, ஏறிய பாதரசம் தானாக இறங்காது. ஒன்று குறைந்த அளவுக்கான ஆல்கஹால். மீதி இரண்டில் ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும்.

அந்த ஈரத்துணிதான் கடலோரக்காரர்களான உங்களுக்கு முக்கியம். துணியிலிருந்து நீர் ஆவியாகி அந்தத் தெர்மாமீட்டரைக் குளிர வைக்கும், வியர்வை நம்மைக் குளிர வைப்பது போல. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாகாது, குளிராது. ஈரத்துணி 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவன் உடம்பும் தாங்காது. வெயிலில் உழைப்பவனுக்கு அதற்கு வெகு முன்பே ஆபத்து. திருச்சியில் 40-இல் சமாளித்தவர் வேதாரண்யத்தில் 36-இல் தள்ளாடுவதற்குக் காரணம் இது. செய்தியில் சொல்லும் ஒற்றை எண் இதைச் சொல்லாது. அந்தக் குறை எனக்கும் உண்டு.

ஆனால் ஐயா, நடுப்பகலில் நீங்கள் அந்தக் கொட்டகைக்குள் நின்றால், 45 என்பதும் உங்கள் உடம்புக்கு உண்மையான எண்தான். சீக்கிரம் வெளியே வாருங்கள்.

கேள்வி: பூஜ்ஜியம் ஐஸ், நூறு கொதிநீர் என்று முடிவு செய்தது செல்சியஸ்தானே? — மாணவன், மன்னார்குடி

பதில்: அவர் 1742-இல் வைத்தது தலைகீழாக, தம்பி: கொதிநீர் 0, பனிக்கட்டி 100. சில வருடங்களில் மற்றவர்கள் திருப்பிப்போட்டார்கள்.

கேள்வி: பாதரசத் தெர்மாமீட்டர் கீழே விழுந்து உடைந்துவிட்டது. மணிமணியாக ஓடுகிறது. அவசரம். — வாசகி, திருவாரூர்

பதில்: அவசரத்துக்குத் தொலைபேசி இருக்கிறது, மாதப் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறீர்களே! அடுத்த முறைக்காகச் சொல்கிறேன். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறங்கள். மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். தங்கத்தில் பாதரசம் ஒட்டினால் வெளுத்துவிடும். எங்கள் மாணவி ஒருத்தியின் மோதிரம் வெள்ளி மாதிரி ஆகி, அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. துடைப்பத்தால் கூட்டாதீர்கள், மணிகள் இன்னும் பொடியாகச் சிதறும். இரண்டு கெட்டி அட்டைகளால் ஒன்று சேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். வாய்க்காலில் மட்டும் கொட்டவே கூடாது. பாதரசம் மீனுக்குள் போய், நம் தட்டுக்கே திரும்பி வரும். கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசக் கழிவால் 2001-இல் மூடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

கேள்வி: எங்கள் ஊர் ஸ்தபதிகள் தெர்மாமீட்டர் இல்லாமலே உலோகத்தை உருக்கி ஊற்றுகிறார்களே, எப்படி? — வாசகர், சுவாமிமலை

பதில்: நிறத்தைப் பார்த்து. எந்தத் திடப்பொருளும் சுமார் 525 டிகிரி செல்சியஸில் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்கும். பிறகு செம்மஞ்சள், மஞ்சள், வெளிர்மஞ்சள். தாமிரம் உருக 1,085 டிகிரி வேண்டும். பாதரசமோ 357-இலேயே கொதித்துவிடும், உலைக்கு ஆகாது. இங்கிலாந்தில் வெட்ஜ்வுட் என்ற பீங்கான்காரர் 1782-இல் களிமண் துண்டுகளைச் சூளையில் போட்டு, அவை சுருங்குவதை வைத்துச் சூட்டை அளக்கப் பார்த்தார். சூளைகளை ஒப்பிட அது உதவியது. அவர் அதை டிகிரியாக மாற்றியபோது வந்த எண்கள் எல்லாம் வானத்துக்குப் போய்விட்டன.

பல வருடங்களுக்கு முன் ஆய்வகத்துத் தெர்மோகப்பிளைத் தூக்கிக்கொண்டு உங்கள் ஊருக்கே வந்தேன். இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் முறுக்கிச் சூடாக்கினால் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். சீபெக் 1821-இல் கண்டது. வண்டல் மண் அச்சிலிருந்து மெழுகு வடிந்து முடிந்திருந்தது. உலோகம் உருகும் மூசையைப் பார்த்துக்கொண்டே இருந்த பெரியவர், "இப்போது ஊற்றலாம்" என்றார். என் கருவி இன்னும் போதாது என்றது. நான் தடுத்தேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, ஊற்றிவிட்டார். சிலை விரல்நுனி வரைக்கும் நிறைந்து வந்தது.

இரவு பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அந்தக் கம்பி காட்டுவது இரண்டு முனைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை. குளிர்ந்த முனையை நான் உலைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அதுவும் காய்ந்து போயிருந்தது. அது காய்ந்த அளவு என் கணக்கில் குறைந்தது.

கேள்வி: வைக்கோல் போர் உள்ளே சூடேறியிருக்கிறதா என்று அப்பா கடப்பாரையைச் செருகித் தொட்டுப் பார்ப்பார். இது சரியான முறையா? — வாசகர், வலங்கைமான்

பதில்: சரியான முறை. ஈரம் காயாமல் போர் போட்டால் நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு உண்டாகும், வைக்கோல் அதை வெளியே விடாது. 70 டிகிரியைத் தாண்டினால் தானாகவே தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. கடப்பாரையைச் செருகியவுடன் உருவிவிடாமல் ஒரு கால் மணி நேரம் விட்டு வைக்கச் சொல்லுங்கள். கனமான இரும்பு, மெதுவாகத்தான் காயும். உருவியதும் நடுவில் தொட வேண்டாம், நுனியில் தொடட்டும். கையை வைத்திருக்க முடியவில்லை என்றால், அன்றைக்கே போரைப் பிரித்துவிடுங்கள். பிரிக்கும்போது பக்கத்தில் நான்கு குடம் தண்ணீர் இருக்கட்டும். உள்ளே காற்றுப் பட்டதும் சில சமயம் பற்றிக்கொள்ளும்.