லைக் நம்பரை மறைக்கிறது பத்தி

ஒரு மணி நேரத்துல லைக் கம்மியா வந்தா வரைஞ்ச படத்தையே டெலீட் பண்ணிடுறதா எழுதியிருக்கீங்க, படிக்கவே மனசு கஷ்டமாயிடுச்சுங்க. 2021 மே மாசமே இன்ஸ்டாகிராம்ல லைக் நம்பரை மறைக்கிற வசதி எல்லாருக்கும் வந்துடுச்சு, உங்க போஸ்ட் மேல இருக்கற மூணு புள்ளிய தட்டி லைக் நம்பரை மறைச்சிடுங்க, மத்தவங்க போஸ்டுக்கு செட்டிங்ஸ்ல போய் தனியா மறைக்கணும், அதை மறக்காம பண்ணுங்க ஏன்னா அவங்களோட ஒப்பிட்டுப் பாக்குறதுதான் பாதி வேதனை. ஆனா ஒண்ணு, உங்க போஸ்டோட கணக்கு மத்தவங்களுக்குத்தான் மறையும், லைக் போட்டவங்க லிஸ்ட்டைத் தொட்டா உங்களுக்குத் தெரியும், கை தானா அங்கதான் போகும். அதனால லைக் நோட்டிஃபிகேஷனையும் நிறுத்திடுங்க, கமெண்ட் மட்டும் வரட்டும். டெலீட் பண்ணத் தோணினா ஆர்க்கைவ்ல போடுங்க, வேணும்போது திரும்ப எடுத்துக்கலாம். அடுத்த படத்தை போடுறதுக்கு முன்னாடி வரையத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டி விரல் சரியா வந்திருக்கா, நிழல் விழுந்த பக்கம் சரியான்னு கேளுங்க.