ஷெஃபீல்டுக்கு வரும் தங்கச்சிக்கு

அடுத்த மாதம் இங்கிலாந்தில், ஷெஃபீல்டில் நர்ஸ் வேலைக்குச் சேரப்போவதாகவும் தினமும் இருபது புது ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு மனப்பாடம் செய்வதாகவும் எழுதியிருந்தாய் தங்கச்சி. அது போதுமா, வாடகை எவ்வளவு, ஸ்வெட்டர் எத்தனை என்றும் கேட்டிருந்தாய். வாடகையை உன்னோடு சேருபவர்களிடம் கேட்டுக்கொள். ஸ்வெட்டரை இங்கே வந்து வாங்கு, ஊரில் விற்பது இந்தக் குளிருக்கு ஆகாது. சொல் விஷயத்தில் நான் நன்றாக அடிபட்டவள், அதை மட்டும் சொல்கிறேன்.

2003 ஜனவரியில் நாகர்கோவிலிலிருந்து வந்தபோது என் பெட்டியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் ஒரு தடித்த சொற்புத்தகம் இருந்தது. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத உதவியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் படித்த 'யுபிக்விடஸ்' (எங்கும் நிறைந்த) என்று வார்டில் இதுவரை ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. என்னைக் கவிழ்த்ததெல்லாம் ஏற்கெனவே தெரியும் என்று நினைத்திருந்த சொற்கள்தான்.

முதல் வாரமே ஒரு தாத்தா "ஐ ஹேவ் பீன் சிக்" என்றார். எத்தனை நாளாக, காய்ச்சலா என்று நான் பொறுமையாக விசாரிக்கிறேன், போர்வையெல்லாம் வாந்தி. இங்கே சிக் என்றால் பெரும்பாலும் வாந்தி, குமட்டல். உடம்பு சரியில்லை என்பதற்குப் 'புவர்லி'. 'சர்ஜரிக்குப் போகிறேன்' என்று யாராவது சொன்னால் பதறாதே, டாக்டரின் கிளினிக்குக்குப் போகிறார், அவ்வளவுதான். அப்புறம், நம் ஊர்ப் பழக்கத்தில் வார்டு சிஸ்டரிடம் "ஐ ஹேவ் எ டவுட்" என்றேன். விளக்கம் கேட்கத்தான். அவர் சொன்னதை நான் நம்பவில்லை என்று அவருக்குப் பட்டுவிட்டது. அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. 'கொஸ்டின்' என்று சொல், போதும்.

'ஹாஃப் செவன்' நமக்குச் சுலபம், அப்படியே நம் ஏழரை. என்னோடு சேர்ந்த போலந்துப் பெண்தான் பாவம். அவர்கள் மொழிக் கணக்கில் அது ஆறரை. ஒரு மணி நேரம் முன்னால் வந்து இருட்டில் நின்றாள். ஆனால் ஆறே மாதத்தில் என்னை முந்திவிட்டாள், ஏனென்றால் பாட்டிமாரோடு உட்கார்ந்து வம்பளந்தாள். நம் ஆட்கள் அன்றும் சரி இன்றும் சரி, சாப்பாட்டு இடைவேளையில் ஒரு மூலையில் கூடி ஊர் அரசியல் பேசுவார்கள், அப்புறம் இங்கிலீஷ் வரவில்லை என்பார்கள். (கொஞ்ச நாள் நானும் அந்த மூலையில்தான் இருந்தேன்.)

பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் 'டீ'க்குக் கூப்பிட்டார். ஒரு கப் டீதானே என்று வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டுப் போனால், மேசையில் இறைச்சி, உருளைக்கிழங்கு, கிரேவி. இந்தப் பக்கம் டீ என்றால் மாலைச் சாப்பாடு. மறுக்க முடியுமா? தின்றேன். ஏப்ரலிலும் நான் கோட்டும் தொப்பியுமாக அலைவதைப் பார்த்து 'நெஷ்' என்ற சொல்லைச் சொல்லித்தந்தவரும் அவர்தான். குளிர் தாங்காத ஆள் என்று பொருள். என் புத்தகத்தில் அது இல்லை. அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. போன தடவை ஊருக்குப் போனபோது, விடிகாலை மழைக்கு அம்மா மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். "அம்மா, யூ ஆர் நெஷ்" என்று வாயில் வந்துவிட்டது.

"ஏசுதியா மக்களே?" என்றார் அம்மா.