சம்பளம் கூடியும் கீழே போய்விட்டோமா?

கேள்வி: நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். இரண்டு குழந்தைகள், வாடகை வீடு. எட்டு வருடத்தில் சம்பளம் 35 சதவீதம் கூடியும் மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. இணையக் கணிப்பான் எங்களை ‘நடுத்தர வர்க்கம்’ என்கிறது. முதலீட்டு ஆலோசகர் ஒருவரோ, ‘சரிந்துவிட்டீர்கள், உடனே ஒரு திட்டத்தில் சேருங்கள்’ என்கிறார். எது சரி?

பதில்: இரண்டையும் ஓரமாக வையுங்கள். அன்று 100 வாங்கிய இடத்தில் இன்று 135 வாங்குகிறீர்கள். இதற்குள் விலைவாசி 50 சதவீதம் ஏறியிருந்தால், அந்த 135-க்கு அன்றைய மதிப்பு 90தான்.

அடுத்து கணிப்பான். எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் வருவது இடைநிலை வருமானம். அதில் 75 முதல் 200 சதவீதம் வரை இருந்தால் நடுத்தரம் என்கிறது, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடி. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையமோ மூன்றில் இரண்டு பங்கில் தொடங்குகிறது. இடைநிலை 40 என்றால், 28 உள்ள குடும்பம் பியூ கணக்கில் நடுத்தரம், ஓஇசிடி கணக்கில் கீழ்த்தட்டு. வீட்டில் ஒரு பைசா கூடவும் இல்லை, குறையவும் இல்லை! இத்தனை வருடமாகியும் ஒரே கோட்டைப் போட இவர்களுக்கு மனசு வரவில்லை.

தலைக்கணக்கையும் பாருங்கள். குடும்ப வருமானத்தை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பது ஒரு வழக்கம். நான்கு பேர் வீட்டில் 80 வந்தால் அது 40. இரண்டு பேர் வீட்டில் 60 வந்தாலே 42. ஆள் எண்ணிக்கை கேட்காத கணிப்பானை மூடிவிடுங்கள்.

பெரிய பொறி இனிதான். வரிப் பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தைக் கேட்டுவிட்டு, பிடித்தம் போன இடைநிலையோடு ஒப்பிடும் கணிப்பான்கள் உண்டு. உங்களைப் பணக்காரராகக் காட்டும். கடன் முகவர்களுக்கும் இதே வித்தைதான் பிடிக்கும்: மொத்தச் சம்பளம், போனஸ், ஓவர்டைம் எல்லாவற்றையும் கூட்டி ‘உங்கள் தகுதி இவ்வளவு’ என்பார்கள். தவணை கட்டப்போவது கைக்கு வரும் பணத்தில். அதை மட்டும் எழுதுங்கள்.

ஒரு விதிவிலக்கு, இது உங்களுக்கு நேராகப் பொருந்தும். கைக்கு 40 வரும் இரண்டு குடும்பங்களில் ஒன்று 13 வாடகை கட்டுகிறது, இன்னொன்று கடனில்லாத சொந்த வீட்டில் இருக்கிறது. பெரும்பாலான அட்டவணைகளில் இரண்டும் ஒரே படி. சொந்த வீடு மிச்சப்படுத்தும் வாடகையும் வருமானம்தான் என்று புள்ளியியல் கையேடுகளே சொல்கின்றன. ஆனால் மதிப்பிடுவது கஷ்டம் என்று அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் அந்த மிச்சமும் வட்டியில் கரையும். ஓஇசிடியின் 2019 அறிக்கைப்படி, அதன் உறுப்பு நாடுகளின் நடுத்தரக் குடும்பங்களுக்கு 1990-களில் கைக்கு வரும் வருமானத்தில் கால் பங்காக இருந்த வீட்டுச் செலவு சுமார் மூன்றில் ஒரு பங்காக ஏறிவிட்டது. இந்தச் செலவைக் கழிக்காத கணிப்பான், வாடகைக்காரரான உங்களை ஒரு படி மேலே காட்டக்கூடும்.

ஆலோசகர் காட்டும் ‘நடுத்தர வர்க்கம் தேய்கிறது’ செய்தி பொய்யில்லை, அரைகுறை. அமெரிக்கப் பெரியவர்களில் நடுத்தர வர்க்கத்தினர் 1971-இல் 61 சதவீதமாக இருந்தது 2021-இல் 50 ஆனது. அதே காலத்தில் மேல்தட்டு 14-இலிருந்து 21, கீழ்த்தட்டு 25-இலிருந்து 29. ஏறியவர்களே அதிகம். உங்கள் வீட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

எட்டு வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டையும் இன்றையதையும் எடுங்கள். கைக்கு வந்ததில் வாடகையைக் கழித்து, விலைவாசிக் குறியீட்டால் சரிசெய்து ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் புதுத் தவணை எதுவும் வேண்டாம். அந்தத் திட்டத்தில் தனக்கு எவ்வளவு கமிஷன் என்பதை ஆலோசகர் எழுத்தில் தரட்டும், அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள்.