மாத்திரை உள்ளே போனதும் என்ன ஆகிறது? மருந்தியல் ஆசிரியர் பதில்கள்

சார், தலைவலி மாத்திரைக்குத் தலைக்குத்தான் போக வேண்டும் என்று எப்படித் தெரிகிறது?

தெரியாது. சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைக் கடந்து, இரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றும். தனக்குப் பொருந்தும் புரதம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும். மூட்டு வலிக்கு ஐபுபுரூஃபன் போட்டால், வீக்கம் உண்டாக்கும் நொதியை மூட்டில் தடுக்கிறது. அதே குடும்பத்து நொதிதான் இரைப்பைச் சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது, அதையும் தடுத்துவிடும். வயிற்றெரிச்சல் வருவது இதனால்தான்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னார்கள். முழுங்கினால் என்ன?

முழுங்கினால் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகும். அது பெரும்பகுதியை முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும், நேரமும் ஆகும். நாக்குக்கு அடியில் இருக்கும் இரத்தக் குழாய்கள் கல்லீரலைத் தொடாமல் இதயத்துக்குக் கொண்டுபோவதால் சில நிமிடங்களில் வேலை தெரியும். அப்பாவை உட்கார வைத்துக் கொடுங்கள், பிரஷர் சட்டென்று இறங்கும். வலி விடவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆண்மைக்கான சில்டெனாஃபில் போட்டிருந்தால் இதைத் தரவே கூடாது. கூச்சம் பார்க்காமல் கேட்டுவிடுங்கள்.

அசிடிட்டிக்குப் போடும் பான்டோப்ரசோலில் பாதி ஒரு மணி நேரத்தில் இரத்தத்தை விட்டுப் போய்விடுமாம். அப்புறம் ஒரு வேளை எப்படிப் போதும்?

நல்ல கேள்வி. மருந்து போனாலும் அது செய்த வேலை நிற்கும். அமிலம் சுரக்கும் பம்புகளில் நிரந்தரமாக ஒட்டி அவற்றை முடக்கிவிடுகிறது. உடம்பு புதிய பம்பு செய்துகொள்ள நேரமாகும். பம்பு இயங்கும்போதுதான் ஒட்ட முடியும், அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு.

தைராய்டு மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது, சோர்வு அப்படியே இருக்கிறது. காலையில் காபியோடுதான் போடுகிறேன்.

முதலில் காபியைத் தள்ளி வையுங்கள், அம்மா. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி கழித்துக் காபி குடியுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். உங்கள் மாத்திரையில் இருப்பது தைராக்சின் என்ற ஹார்மோன். உடம்பில் இருக்கும் தைராக்சினில் பாதி கழியவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அளவு நிலைபெற ஐந்தாறு வாரம் பிடிக்கும் என்பதால்தான் இரத்தப் பரிசோதனையை 6 முதல் 8 வாரம் கழித்து எழுதுகிறார்கள்.

காய்ச்சலுக்கு நாலு மணிக்கொரு தடவை டோலோ 650, கூடவே ஜலதோஷ மாத்திரை மூன்று வேளை. தொடரலாமா?

வேண்டாம், தம்பி. ஜலதோஷ மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள், டோலோவில் இருக்கும் பாராசிட்டமால் பெரும்பாலும் அதிலும் இருக்கும். ஆறு 650 என்றாலே 3.9 கிராம். அதில் 500 மில்லிகிராம் இருந்தால் மொத்தம் 5.4 கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைய உச்சவரம்பு 4 கிராம். தினமும் குடிப்பவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இன்னும் குறைவு.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. பாராசிட்டமாலின் பெரும்பகுதியை அது தீங்கில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் நச்சாக மாறும். அதைக் குளுட்டாதயோன் என்ற பொருள் உடனே அடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்து, நச்சு கல்லீரல் செல்களையே தாக்குகிறது. கொடுமை என்னவென்றால், முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு. ஒரேயடியாக அதிகம் போட்டவருக்கு 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாகக் காப்பாற்றும். நீங்களும் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு இன்றே டாக்டரைப் பாருங்கள்.

சர்க்கரை நோய்க்குப் போடும் மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்கிறார்களே?

கெடுக்காது. அது கல்லீரலில் மாறாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறும் மருந்து. கிட்னி ஏற்கெனவே பழுதாகியிருந்தால் வெளியேற முடியாமல் தேங்கும். அப்போது டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். அதைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு கிளம்பியிருக்க வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையை மட்டும் தவறாமல் செய்யுங்கள்.