எக்ஸ்ட்ரா சிலிண்டர் மாட்டுறது: குளுவாங் அண்ணன்கிட்ட கேளுங்க

தியோமான் தீவுக்கு கடல் டைவிங் போற செட்டு கேட்டது எல்லாத்துக்கும் இங்கயே பதில் போட்டுடறேன், கேட்டவங்க ஊர் பேர முன்னாடி போட்டிருக்கேன், தனித்தனியா மெசேஜ் அனுப்பாதீங்க.

ரெங்கம் தம்பி: 30 மீட்டர் ஆழத்துக்கு 3 லிட்டர் போனி, அதான் அவசரத்துக்கு எடுத்துட்டு போற சின்ன சிலிண்டர், போதுமாண்ணே?
போதும், கணக்கு போட்டு பாரு. 200 பார் அழுத்தத்துல நிரப்புனா 600 லிட்டர் காத்து. பதறுன ஆளு நிமிஷத்துக்கு 30 லிட்டர் இழுப்பான்னு வை, 30 மீட்டர்ல அழுத்தம் 4 பார், அதனால அதே மூச்சு 120 லிட்டரா போகும். கீழ ஒரு நிமிஷம் நிதானிக்க 120, நிமிஷத்துக்கு 10 மீட்டர்னு ஏற 225, 5 மீட்டர்ல மூணு நிமிஷம் நிக்க 135, ஆக 480. கையில அடங்குற 3 கன அடி குட்டி இருக்கே, அதுல 85 லிட்டர்தான், அந்த ஆழத்துல ஒரு நிமிஷம்கூட தாங்காது.

பாலோ: சிலிண்டர மாட்டுற கயிறு, கொக்கி செட்டு (ரிக்கிங் கிட்) விலை ஜாஸ்தி, நானே கட்டலாமா?
தாராளமா. சிலிண்டர் நடுவுக்கு கொஞ்சம் கீழ ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளாம்ப் ஒண்ணு போட்டு அங்கருந்து கழுத்து வரைக்கும் 6 மில்லி கயிறு இழுத்து கட்டுங்க, நடுவுல தண்ணி ஹோஸ் துண்டு நுழைச்சா அதுவே கைப்பிடி. மேல ஒரு போல்ட் ஸ்நாப் கொக்கி, கீழ ஒண்ணு. மேலது நெஞ்சுப் பட்டைல இருக்குற டி-ரிங் வளையத்துல, கீழது இடப்பக்க இடுப்புல. மூச்சிழுக்குற ரெகுலேட்டர் ஹோஸ மடிச்சு சொருக கப்சாய் மோட்டர்சைக்கிள் டயர் டியூப்ப வளையமா வெட்டி மாட்டுங்க, கடை ரப்பர விட அது நல்லா உழைக்கும். கயிறு தளர்வா இருந்தா சிலிண்டர் தொங்கி பவளத்துல இடிக்கும். முக்கியமா ஸ்நாப்ப இரும்போட இரும்பா மாட்டாதீங்க, கயிறுல கட்டுங்க. சிக்கிக்கிச்சுன்னா கத்தியால அறுக்க முடியணும்.

லாயாங்-லாயாங்: பெங்கேல் (வண்டி பட்டறை) கம்ப்ரசர்ல நிரப்பலாமா?
டயருக்கு நிரப்புங்க. அதுல அழுத்தமும் பத்தாது, எண்ணெய் புகை நேரா நுரையீரலுக்கு போகும்.

சிம்பாங் ரெங்கம்: முதுகுல மெயின் சிலிண்டரோட சேத்து கட்டிட்டா தொல்லை இல்லையே?
போட்ல ஏறும்போது வசதிதான், ஒத்துக்கிறேன். ஆனா வால்வு கைக்கு எட்டாது, அதனால திறந்தே வெச்சிருக்கணும், ரெகுலேட்டர் கசிஞ்சா மொத்தமும் போயிடும், பிரஷர் மீட்டர பாத்தாதான் தெரியும். பக்கத்துல தொங்கவிட்டா மூடி வெச்சுக்கலாம், கூட்டாளிக்கு கழட்டி குடுக்கலாம். மூடுறதா இருந்தா மொதல்ல திறந்து ஹோஸ்ல காத்து ஏத்திட்டு மூடுங்க, இல்லாட்டி ஆழத்துல தண்ணி உள்ள புகுந்துடும்.

அவரே: பதினெட்டு லிட்டர் மருந்தடிக்கிற தோம்ப முதுகுல தூக்கி தோட்டத்துல நாள் பூரா நடந்தவன் நான், எனக்கு முதுகுதான் சரிப்படும்.
அண்ணே, அது ஒழுகுனா முதுகு நனையும், உடனே தெரிஞ்சிடும். கடலுக்குள்ள முதுகு ஏற்கனவே நனைஞ்சுதானே கெடக்கு?

பாலோ: அவரு சொல்றதும் சரிலா, சைட்ல தொங்குனா ஒரு பக்கமா இழுக்குது.
3 லிட்டருக்கா? முழுகுறதுக்கு கட்டுற வெயிட்ட வலப்பக்கம் கொஞ்சம் நகத்துங்க, முடிஞ்சது.

ஒருத்தர்: 3 லிட்டர் போதுமா?
மேல படிங்க.

இன்னொருத்தர்: பெரிய அலுமினியம் 80 (80 கன அடி சிலிண்டர்) தூக்கிட்டு போனா?
நிறைஞ்சிருந்தா லேசா முழுகும், காலியானா ரெண்டு கிலோ கிட்ட மிதக்கும், அடிப்பக்கம் மேல தூக்கிக்கும். அதுக்கு தகுந்த வெயிட் போடுங்க. ஸ்நாப்ப கயிறுல கட்டுங்க.

50 விழுக்காடு ஆக்சிஜன் சிலிண்டர் கூட எடுத்துட்டு வரட்டா?
டெக்கோ கோர்ஸ் (நின்னு நின்னு மேல ஏறுற டிகம்ப்ரஷன் டைவிங் பயிற்சி) முடிச்சாச்சா? அது 21 மீட்டருக்கு கீழ விஷம், சுத்த ஆக்சிஜன் 6 மீட்டருக்கு கீழ விஷம். சிலிண்டர்ல ஆழத்த கொட்ட எழுத்துல எழுதாம யாரும் என் போட்ல ஏறக்கூடாது.

ரிபல்ஸ்ங்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல பாக்க 3 லிட்டர்...
தம்பி, 1941 டிசம்பர் 10ல குவாந்தான் பக்கம் முழுகுனது, 50 மீட்டருக்கும் மேல ஆழம். போனிய வெச்சுக்கிட்டு போற எடமில்ல. டெக்னிக்கல் டைவிங் சொல்லித்தர்ற ஆளப் பாரு.

சிம்பாங் ரெங்கம்: எல்லாம் சரி, நான் முதுகுலதான் கட்டுவேன்.
கட்டுங்கண்ணே. மீட்டர மட்டும் கண்ணுல படுற மாதிரி முன்னாடி கொண்டாந்து வைங்க, தண்ணிக்குள்ள அடிக்கடி பாருங்க.